குழந்தைப் பருவப் புற்றுநோய்: சிறு நிறுவனங்களுக்கு அரசு நிதி ஏன்?

கோலார் தங்கவயல்: பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பின்னர், கோலார் தங்கவயல் மக்கள் வேலைக்கு மட்டுமன்றி உயர் சிகிச்சைக்கும் பெங்களூருவையே நம்பியுள்ளனர். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் எனத் தெரியவந்தால், மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வதே பல குடும்பங்களுக்கு உள்ள வழி.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய், அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா. இதற்கான சிகிச்சையின் பிற்பகுதியில் மெர்காப்டோபியூரின் என்ற மருந்தை நெடுங்காலம் தினமும் வீட்டிலேயே உட்கொள்ள வேண்டும். ஆனால் மாத்திரை பெரியவர்களுக்கான 50 மில்லிகிராம் அளவில் கிடைக்கிறது. குழந்தைக்குத் தேவைப்படுவது 32 மில்லிகிராம் என்றால், பெற்றோர் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுக்க நேரிடுகிறது. அளவு குறைந்தால் நோய் திரும்பக்கூடும். கூடினால் ரத்த அணுக்கள் குறைந்து தொற்று ஏற்படக்கூடும்.

இதற்குத் தீர்வாக, மும்பை டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வகமும் பெங்களூருவின் ஐடிஆர்எஸ் லேப்ஸ் நிறுவனமும் இணைந்து 'பிரிவால்' என்ற திரவ மருந்தை உருவாக்கின. ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து உள்ளதால், 32 மில்லிகிராமுக்கு 3.2 மில்லிலிட்டரை ஊசியில்லா சிரிஞ்சில் அளந்து கொடுத்தால் போதும்.

இத்தனை எளிய தேவை இத்தனை காலம் நிறைவேறாமல் இருந்ததற்குக் காரணம் சந்தைதான். நோயாளிகள் குறைவு; எனவே விற்பனையும் குறைவு. பெரிய நிறுவனங்கள் தயங்கும் இடத்தில் சிறு நிறுவனங்கள் இறங்க வேண்டுமானால், தொடக்கச் செலவை யாரேனும் ஏற்றாக வேண்டும். அமெரிக்கா 1982-ஆம் ஆண்டிலேயே சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2012-இல் பைராக் அமைப்பை நிறுவியது. அதன் 'பிக்' திட்டத்தில் புதிய கருத்து ஒன்றைச் சோதித்துப் பார்க்க, 18 மாதங்களுக்கு ரூ.50 லட்சம் வரை மானியம் கிடைக்கும். இது கடன் அன்று. பெங்களூருவின் சி-கேம்ப் இத்திட்டத்தின் பங்குதாரர்களில் ஒன்று.

அடுத்த கட்டமான மருத்துவப் பரிசோதனைக்கு இத்தொகை போதாது. சொந்த நோயெதிர்ப்பு அணுக்களையே மாற்றியமைத்துப் புற்றுநோயை அழிக்கும் கார்-டி சிகிச்சையின் பரிசோதனைக்காக, டாடா நினைவு மையம் – மும்பை ஐஐடி குழுவுக்கு தேசிய பயோஃபார்மா திட்டத்தின் கீழ் ரூ.19.15 கோடி ஒதுக்கப்பட்டது. 2021 ஜூன் 4-ஆம் தேதி முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஐஐடியில் உருவான இம்யூனோஆக்ட் நிறுவனத்தின் நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஆகும் என்றாலும், லட்சங்களில் அமையும் அத்தொகை தங்கவயல் கூலித் தொழிலாளிக்கு எட்டாததே. மேலும் அந்த அனுமதி 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதிக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் இது மானியம் அன்று. குறைந்த வட்டி அல்லது வட்டியில்லா நீண்டகாலக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் வழங்கப்படும். தொழில்நுட்பம் ஓரளவு முதிர்ந்த நிலையில் உள்ள திட்டங்களே தகுதி பெறும். சிறிய சந்தையை நம்பித் தொடங்கும் குழந்தை மருத்துவ நிறுவனங்களுக்கு, முதற்கட்டத்தில் 'பிக்' போன்ற மானியங்களே இன்னும் ஆதாரமாக உள்ளன.