கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்போம்!
இன்சூரன்ஸில் நம் உரிமையும் நம் கடமையும்



அனந்தபுரத்தில் ஒரு குழுக் கூட்டம். கணக்கெல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரம். ஓர் அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சின்ன டைரியை எடுத்துக் காட்டினார். "ஆறு வருஷமா வீட்டுக்காரர் பேர்ல இன்சூரன்ஸ் கட்டினேன் மேடம். மல்லாட்டை ஆய்ஞ்ச கூலியில மிச்சம் பிடிச்சு கட்டினேன். இப்ப அவரு போயிட்டாரு. ஆபீஸ்ல போய்க் கேட்டா பாலிசி காலாவதி ஆயிடுச்சுங்கிறாங்க" என்றார்.

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்து பணம் வாங்கியவர் கடைசி இரண்டு தவணையைக் கம்பெனியில் கட்டவில்லை. அக்காவிடம் ரசீது கிடையாது. டைரியில் தேதியும் தொகையும் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்காரரின் பேங்க் பாஸ்புக்கையாவது பார்ப்போம் என்று புரட்டினோம். அதில் இரண்டு வருஷம் 436 ரூபாய் பிடித்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் மே மாசம் கணக்கில் பணம் இல்லை. அதுவும் நின்றுபோயிருந்தது.

நம் குழுவில் 100 ரூபாய் சந்தா என்றாலும் நோட்டில் எழுதி, பாஸ்புக்கில் பதிந்து, கையெழுத்து வாங்காமல் விடுவோமா? மாட்டோம். அந்தக் கண்டிப்பை இன்சூரன்ஸிலும் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்த 436 ரூபாய் எதற்கு?

பேங்க் மூலமாக மத்திய அரசு 2015ல் இரண்டு காப்பீட்டுத் திட்டங்களைத் தொடங்கியது. ஒன்று, பிரதமரின் ஜீவன் ஜோதி. வருஷத்துக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயது வரை சேரலாம், 55 வயது வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆனால் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டாவது, பிரதமரின் சுரக்ஷா. வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் 1 லட்சம். பாம்பு கடித்து இறந்தாலும், மரத்திலிருந்து விழுந்து இறந்தாலும் இதில் கேட்கலாம். அதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சீட்டு வேண்டும். மந்திரித்துவிட்டு வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கும் ஆபத்து, கையில் சான்றும் இருக்காது.

இரண்டுக்கும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷம். மே கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேங்கில் கணக்கு வைத்து மூன்றிலும் பிடித்தாலும், ஒரு திட்டத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. ஒரு பேங்கில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நமக்குள்ள உரிமைகள்

1. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை: எத்தனை வருஷம் கட்டணும்? நடுவில் விட்டால் என்ன ஆகும்? எதற்கெல்லாம் பணம் கிடைக்காது? கூச்சப்படாமல் கேளுங்கள்.

2. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை: பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், சொன்னது ஒன்று எழுதியிருப்பது ஒன்று என்றால், எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். சிறு செலவுகள் போக மீதிப் பணம் வரும். முன்பு 15 நாளாக இருந்தது, 2024 முதல் 30 நாள்.

3. கடனோடு சேர்த்துக் கட்டாயப்படுத்தக் கூடாது: மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுக்கும்போது இன்சூரன்ஸ் என்று சொல்லிப் பிடிக்கிறார்கள். நம் முழுச் சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது, பிடித்த தொகையை நமக்குப் புரியும் மொழியில் கடன் அட்டையில் எழுத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. பிடித்திருந்தால், யார் பேரில், எவ்வளவு தொகைக்கு என்று சான்று கேட்டு வாங்குங்கள்.

4. புகார் செய்யும் உரிமை: இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நம் கடமைகள்

உண்மையைச் சொல்லணும். சர்க்கரை, பிரஷர், ஆபரேஷன் எதையும் மறைக்க வேண்டாம். "அதெல்லாம் எழுத வேண்டாம்மா" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதல் 3 வருஷத்துக்குள் இறப்பு நேர்ந்தால், மறைத்ததைக் காரணம் காட்டிக் கம்பெனி மறுக்க முடியும். மாட்டிக்கொள்வது நம் பிள்ளைகள்தான்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாதவர்கள் குழு ஊக்குநரையோ படிக்கும் பிள்ளையையோ வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் போடுங்கள்.

தவணையை நாள் தவறாமல் கட்டணும். மாதத் தவணைக்கு 15 நாளும் மற்றதற்கு 30 நாளும் சலுகை உண்டு. பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. கம்பெனி ரசீது இல்லாமல் சொந்தக்காரரே ஆனாலும் பணம் கொடுக்காதீர்கள்.

நாமினி பெயரைச் சரிபார்க்கணும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் போட்டிருந்தால் மாற்றுங்கள். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால், அதற்காகப் பணம் பெறும் பெரியவர் பெயரும் எழுதணும்.

பணம் தர மறுத்தால்?

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அசையவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். ஒரு மாசம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே 2 வருஷம் வரை அவகாசம்.

குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பேங்க் பாஸ்புக்கும் பாலிசி பத்திரமும் கொண்டு வாருங்கள். வீட்டுக்காரருடையதையும் சேர்த்துத்தான். ஒரு நோட்டுப் போட்டு, உறுப்பினர் பெயர், பாலிசி எண், தவணை தேதி, நாமினி பெயர் எழுதி வையுங்கள். தீர்மான நோட்டிலும் பதியுங்கள். ஓர் உறுப்பினர் வீட்டில் துக்கம் என்றால் முதலில் போய் நிற்பது குழுதான். காரியம் முடிந்ததும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பதும் குழுவின் வேலையாக இருக்கட்டும்.

அந்த அக்காவின் பெயரில் கம்பெனிக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ரசீது இல்லாத வழக்கு, என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அவர் கிளம்பும்போது சொன்னார்: "எனக்குக் கிடைக்குதோ இல்லையோ, மத்த குழுவுல போய் இதச் சொல்லுங்க மேடம்."

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் உங்கள் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

– கள ஒருங்கிணைப்பாளர்