உழவு இயந்திரத்தின் வலு குன்றுவது ஏன்?

மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள முருங்கன், நானாட்டான் வயல்களில் காலபோகத்திற்கு உழும் வேளையில், டீசல் உழவு இயந்திரம் வலுவிழந்து திணறுமாயின் விதைப்புப் பருவம் தவறிவிடும். தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் தளர்ந்தால் பயிர் வாடும். ஆதலின் இதன் காரணங்களைக் கமக்காரர் அறிந்திருத்தல் நலம்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உருளையினுள் நெருக்கப்பட்ட காற்று மிகச் சூடேற, அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றி எரிகின்றது. எனவே காற்று, டீசல், அமுக்கம் ஆகிய மூன்றில் ஒன்று குறையினும் வலு குன்றும்.

1. காற்று: புழுதியால் காற்று வடிகட்டி அடைபடின் கரும்புகை எழும். உழவுக் காலத்தில் அதனை நாள்தோறும் பார்த்துத் துப்புரவு செய்தல் வேண்டும். வடிகட்டியின்றி ஓட்டுதல் கூடாது. புழுதி உட்சென்று உருளையைத் தேய்த்துவிடும்.

2. டீசல்: நீர் கலந்த டீசல், அடைபட்ட டீசல் வடிகட்டி, குழாயிற் புகுந்த காற்று ஆகியவற்றால் இயந்திரம் விட்டுவிட்டு ஓடும். இயந்திரத்தை நிறுத்தி, தாங்கியின் அடியில் தங்கிய நீரை வடித்து, வடிகட்டியை மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுக.

3. அமுக்கம்: வளையங்களும் வால்வுகளும் தேய்ந்தால் இயந்திரத்தைக் கிளப்புதல் கடினமாகும். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். இவற்றையும், டீசல் தெளிக்கும் நாசிலின் பழுதையும் தேர்ந்த திருத்துநரிடமே விடுதல் வேண்டும்.

கரும்புகை கண்டதும் டீசல் அளவைக் கூட்டுவோர் பணத்தையே புகையாக்குவர். முதலில் காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பதே முறையாகும்.