சி. ஆர். ரங்காச்சாரி

சி. ஆர். ரங்காச்சாரி (கோமாண்டூர் ராஜகோபாலாச்சாரி ரங்காச்சாரி, 14 ஏப்ரல் 1916 – 9 அக்டோபர் 1993) இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர், வேகப்பந்து வீச்சாளர். 1948ஆம் ஆண்டில் இந்தியாவுக்காக 4 டெஸ்ட் போட்டிகளில் ஆடி 9 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் மதராஸ் அணிக்காக ஆடினார்.

பின்னணி

ரங்காச்சாரி செங்கல்பட்டு மாவட்டம் மாமண்டூரில் பிறந்தவர். அக்காலத்தில் பெரும்பாலான இந்திய ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே கிரிக்கெட் ஆடினார்கள். ரங்காச்சாரி காவல்துறையில் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப்போர் காரணமாக 1936க்கும் 1946க்கும் இடையே இந்தியா டெஸ்ட் போட்டி எதிலும் ஆடவில்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு உடல்வலிமை மிகுந்திருக்கும் இருபதுகள் முழுவதும் இவருக்கு அவ்வாறே கழிந்தன. முதல் டெஸ்ட் ஆடியபோது இவருக்கு வயது 31.

ஆஸ்திரேலியப் பயணம்

1948 ஜனவரியில் அடிலெய்டில் நடந்த நான்காவது டெஸ்டில் அறிமுகமானார். பிராட்மன் 201 ரன்களும் ஹாசெட் ஆட்டமிழக்காமல் 198 ரன்களும் எடுக்க, ஆஸ்திரேலியா 674 ரன்கள் குவித்தது. அதில் ரங்காச்சாரி 141 ரன்கள் கொடுத்து 4 விக்கெட்டுகள் எடுத்தார். மெல்போர்னில் நடந்த அடுத்த டெஸ்டில் ஆஸ்திரேலியா 8 விக்கெட் இழப்புக்கு 575 ரன்கள் எடுத்தது. இவருக்கு விக்கெட் கிடைக்கவில்லை. இரண்டு போட்டிகளிலும் இந்தியா இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது.

தில்லி டெஸ்ட்

மேற்கிந்தியத் தீவுகள் அணி முதன்முறையாக இந்தியா வந்தபோது, 1948 நவம்பரில் தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் முதல் டெஸ்ட் நடந்தது. தொடக்க ஆட்டக்காரர்கள் ரே, ஸ்டால்மேயர் ஆகியோரையும், அடுத்து புகழ்பெற்ற ஜார்ஜ் ஹெட்லியையும் ரங்காச்சாரி வெளியேற்றினார். ஸ்கோர் 3 விக்கெட்டுக்கு 27.

அதன்பின் வால்காட்டும் (152) கோமசும் (101) சேர்ந்து 267 ரன்கள் எடுத்தனர். வீக்சும் கிறிஸ்டியானியும் சதமடிக்க, அணி 631 ரன்களை எட்டியது. ரங்காச்சாரி 107 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். போட்டி சமனில் முடிந்தது. டிசம்பரில் பம்பாயில் நடந்த இரண்டாவது டெஸ்டே இவருடைய கடைசி டெஸ்ட். அங்கு எதிரணி 6 விக்கெட்டுக்கு 629 ரன்கள் எடுத்தது. இவருக்கு விக்கெட் இல்லை.

மதிப்பீடு

விக்கெட்டுக்கு 54.77 ரன்கள் என்பது இவருடைய டெஸ்ட் சராசரி. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இவரைச் சாதாரண வீச்சாளர் என்றே கருதக்கூடும். ஆனால் நான்கு போட்டிகளிலும் எதிரணி ஒருமுறை மட்டுமே மட்டை பிடித்தது. ஒவ்வொரு முறையும் 575 ரன்களோ அதற்கு மேலோ எடுத்தது. அந்த நான்கு இன்னிங்சுகளில் விழுந்த விக்கெட்டுகள் மொத்தம் 34. அவற்றில் 9, அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல், ரங்காச்சாரி எடுத்தவை.