கோழியும் வாத்தும் ஒரே கொட்டகையிலா? 4,000 ரூபாய் மிச்சம் பண்ணப் போய் எங்க அடி வாங்குவோம்?



"மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்புறேன். அம்மாவுக்கு 10 கோழி, 5 வாத்து வாங்கிக் கொடுத்தா அவங்களுக்குன்னு ஒரு வருமானம் வருமே? ஒரே கொட்டகை போதும்தானே?"

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, ஊர்ல வீடும் கொல்லையும். இப்படி இருக்கிற பல பேர் மனசுல இந்த யோசனை ஓடிட்டு இருக்கும். யோசனை நல்லதுதான். ஆனா அந்தக் கடைசிக் கேள்வியை ரொம்ப லேசா எடுத்துக்கிறோம். காசு நிக்கிறதும் போறதும் அங்கதான்.

சுருக்கமான பதில்: பகல்ல ஒரே கொல்லை, சரி. ராத்திரி ஒரே கூரை, சரி. ஒரே அறை மட்டும் வேண்டாம்.

ஏன் ஒரே அறை கூடாது?

முதல் காரணம் ஈரம். வாத்து தண்ணியை வெறுமனே குடிக்காது. அலகை முழுசா முக்கி, மூக்கு ஓட்டையைக் கழுவி, சுத்தி நாலடிக்குத் தெளிக்கும். அதோட எச்சமும் தண்ணியாத்தான் இருக்கும். கீழே போட்ட உமி நனைஞ்சா ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும், அம்மோனியா வாடை ஏறும். வாத்து இதை ஓரளவு தாங்கும். கோழி தாங்காது.

இரண்டாவது, தூங்குற விதம். கோழி உயரத்துல கம்பு மேல ஏறி உட்காரும். வாத்து தரையில படுக்கும். ஒரே அறைன்னா ராத்திரி முழுக்கக் கோழி எச்சம் வாத்து மேலதான்.

மூன்றாவது, நேரம். கோழியை விடிஞ்சதும் திறந்து விடலாம். வாத்து பெரும்பாலும் அதிகாலையில முட்டை போடும். 8, 9 மணிக்கு முன்னாடி திறந்துட்டா முட்டை வாய்க்கால்லயோ புதர்லயோ கிடக்கும். தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அது உங்க வருமானம் இல்ல.

இப்ப கணக்குக்கு வருவோம்

கீழே இருக்கிற எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சுக்கிட்டவை. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

வருஷ வரவு:
- கோழி முட்டை: அடைக்கு வச்சது போக 500 × 12 ரூபாய் = 6,000
- வளர்ந்த கோழி விற்பனை: 10 × 500 ரூபாய் = 5,000
- வாத்து முட்டை: 750 × 10 ரூபாய் = 7,500
- மொத்தம்: 18,500

வருஷ செலவு:
- தீவனம், மேய்ச்சல் போக: 12,500
- தடுப்பூசி, மருந்து: 1,000
- கொட்டகைத் தேய்மானம், 24,000 ரூபாயை 8 வருஷத்துக்குப் பிரிச்சா: 3,000
- மொத்தம்: 16,500

மிச்சம் 2,000 ரூபாய். மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு!

இந்த 24,000-ல நடுத் தடுப்பு, தனிக் கதவு, தனித் தண்ணிப் பாத்திரத்துக்கு 4,000-னு வச்சிருக்கேன். 8 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 500 ரூபாய். அதாவது ஒரு கோழியோட விலை. ஈரத்தால வருஷத்துக்கு ஒரே ஒரு கோழி செத்தாலே இந்தச் செலவு சரியாப் போயிடும். ஒரே மழைக்காலத்துல நாலு கோழி போனா அந்த வருஷ மிச்சம் மொத்தமும் போச்சு. இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி பாருங்க. 500 கட்டி 2,000-ஐக் காப்பாத்துறீங்க.

எப்படி அமைக்கலாம்?

கோழி அறையில இரண்டு, மூணு அடி உயரத்துல கம்பு. வாத்து அறையில தரை மட்டத்துக் கதவு, தடிமனா உமி அல்லது வைக்கோல். இரண்டுக்கும் காத்தோட்டம் மேல்பக்கம் வேணும். நாய், கீரி நுழையாத கம்பிவலை வேணும்.

வாத்தோட தண்ணியைப் பகல்ல வெளியில, ஜல்லி போட்ட பள்ளத்து மேல வைங்க. குளம் தேவையில்ல, தலையை முக்குற அளவு ஆழமான பாத்திரம் போதும். கோழிக்குத் தனியா உயரத்துல வைங்க.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

1. முட்டைக்கு மட்டும்னா ஆண் வாத்தே வேண்டாம். அது இல்லாமலேயே பெட்டை முட்டை போடும். பெட்டை வாத்து போதுமான எண்ணிக்கையில இல்லாம ஆண் வாத்தை விட்டா, கோழிகளை மிதிச்சுக் காயப்படுத்தும்.

2. குஞ்சுகளைச் சேர்த்து வளர்க்காதீங்க. வாத்துக்குஞ்சு நனைச்சு விட்டா கோழிக்குஞ்சு குளிர்லயே செத்துடும். வாத்துக்குஞ்சுக்கு நியாசின் சத்தும் அதிகம் வேணும். வெறும் கோழிக்குஞ்சுத் தீவனத்துல கால் பலவீனம் வரலாம்.

3. பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளம், பழைய கடலைப் புண்ணாக்கு மலிவா கிடைக்குதுன்னு வாங்காதீங்க. அதுல இருக்கிற அஃப்ளடாக்சின் நஞ்சைக் கோழியை விட வாத்து ரொம்பக் குறைவாத்தான் தாங்கும்.

4. பறவைக் காய்ச்சல். 2014-ல கேரளாவுல ஆலப்புழா, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்கு வந்தப்ப ஏராளமான பறவைகளை அழிக்க வேண்டியதாச்சு. சில சமயம் வாத்து எந்த அறிகுறியும் காட்டாமலேயே வைரஸைச் சுமக்கும், பக்கத்துல இருக்கிற கோழி திடீர்னு சாகும். அதனால காட்டுப் பறவைகள் இறங்குற ஏரியில வாத்தை விடாதீங்க. இரண்டு மூணு பறவை சேர்ந்தாப்ல செத்தா கையால தொடாம உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க.

வரி எப்படி?

"விவசாயம்தானே, வரி கிடையாது"ன்னு பலர் நினைக்கிறாங்க. தப்பு. கோழி, வாத்து வளர்ப்பு வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் இல்ல, தொழில் வருமானம். உங்க பேர்ல நடத்தினா, சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 போட முடியாது. சின்னத் தொழிலுக்கான உத்தேச வரித் திட்டத்துல ஐடிஆர்-4 போடலாமான்னு பாருங்க.

அம்மா பேர்லயே நடந்தா அது அம்மா வருமானம். நீங்க கொடுக்கிற பணத்துக்கு அவங்களுக்கு கிஃப்ட் வரி கிடையாது. அந்த வருமானம் உங்க கணக்குலயும் சேராது. ஆனா மனைவிக்கோ கணவருக்கோ பணம் கொடுத்து ஆரம்பிச்சா, சேர்க்கும் விதி வரும். கவனம்.

கணக்குல வராத ஒரு செலவு

மேல இருக்கிற பட்டியல்ல அம்மாவோட கூலி இல்ல, கவனிச்சீங்களா? தினமும் ஒரு மணி நேரம்னு வச்சாலும் வருஷத்துக்கு 365 மணி நேரம். 2,000 ரூபாயை வகுத்தா மணிக்குச் சுமார் ஐந்தரை ரூபாய். ஈர உமியை வாரிக் கொட்டுறதும் அவங்கதான், மழையில கதவு சாத்துறதும் அவங்கதான்.

அதனால இதை "பணம் அனுப்புறதுக்குப் பதிலா"ன்னு நினைக்காதீங்க. மாசப் பணம் அது பாட்டுக்குப் போகட்டும். அம்மாவுக்கு விருப்பம் இருந்தா, வீட்டுக்கு முட்டை, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசுன்னு ஆரம்பிங்க. முதல் ஆறு மாசம் கோழி மட்டும், கொட்டகையில வாத்துக்கு இடம் விட்டு வைங்க. வரவு செலவு நோட்டுல மிச்சம் தெரிஞ்சா, அடுத்து வாத்து.

முக்கியமா, கொட்டகை போடுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. தினமும் பார்த்துக்கப் போறது அவங்கதானே!