மீனின் வாயும் அதன் உணவும்

மாட்டின் பல்லைப் பார்த்து அதன் வயதைச் சொல்வது நம் கமக்காரர் யாவரும் அறிந்ததே. அதுபோல் மீனின் வாயைப் பார்த்து அதன் உணவையும் சொல்லலாம். பருவக் குளங்களில் மீன்குஞ்சு விடுவோர்க்கு இவ்வறிவு பெரிதும் பயன்படும்.

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் வலை கரையேறும் வேளையில் ஒரு காரல் மீனை எடுத்து, அதன் உதட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். வாய் குழாய்போல் முன்னே நீளும். சில வகைக் காரல்களில் அக்குழாய் கீழ்நோக்கி நீளும். அவை அடித்தரையிலுள்ள சிற்றுயிர்களை உண்பன. வேறு சிலவற்றில் மேல்நோக்கி நீளும்; அவை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பன. பாறைகளில் மேயும் கிளிமீனுக்கோ பற்கள் ஒன்றிணைந்து அலகாகவே அமைந்துள்ளன.

இவ்வேறுபாடுகள் ஒரு நாளில் உண்டானவை அல்ல. ஆதியில் வாழ்ந்த மீன்களுக்குத் தாடையே இருந்ததில்லை. ஏறக்குறைய 42 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த என்டெலோக்நாதஸ் என்னும் மீனின் உயிர்ச்சுவடு சீனாவிற் கிடைத்தது; அதுபற்றிய ஆராய்ச்சி 2013இல் வெளியாயிற்று. இன்றைய என்புமீன்களில் உள்ளவை போன்ற தாடையென்புகள் அதில் முன்னரே காணப்பட்டன.

பழைய என்புமீன்களில் மேற்றாடையென்பு கன்னத்தோடு இறுகப் பொருந்தியிருந்தது. இரையைப் பற்றிக் கடிப்பதே அவற்றின் முதன்மையான வழி. கூர்ப்பின் போக்கில் அவ்வென்பு கன்னத்தினின்றும் விடுபட்டது. பின்னர்ப் பல இனங்களில் மேலுதட்டைத் தாங்கும் முன்னென்பும் முன்னே நகரத்தக்கதாயிற்று. இத்தகைய மீன் வாயைச் சட்டெனத் திறக்கும்போது வாய்க்குழி விரிகின்றது. நீர் உள்ளே பாய, இரையும் அதனோடு இழுபட்டு வருகின்றது. பின் நீர் மட்டும் செவுள் வழியே வெளியேறுகின்றது.

என்புமீன்களுக்குத் தொண்டையிலும் ஒரு தாடை உண்டு. செவுளைத் தாங்கும் வளைவுகளே அவ்வாறு மாறியமைந்தன. கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய கெண்டையினங்களுக்கு வாயிற் பற்கள் இல்லை. தொண்டைப் பற்களே திரிகைபோல் உணவை அரைக்கின்றன. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, வாயிலுள்ள சிறு பற்களாற் பாசியைச் சுரண்டித் தொண்டைத் தாடையால் அரைக்கும்.

இனி, இவற்றைக் குளத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது மேல்நீரில் மேயும். ரோகு இடைநீரிலும், கீழ்நோக்கிய வாயுடைய மிரிகால் அடித்தரையிலும் மேயும். இம்மூன்றையும் சேர்த்து விட்டால் ஒன்றன் உணவுக்கு மற்றொன்று பெரும் போட்டியாகாது. குளத்தின் மேலும் இடையும் அடியும் பயன்படும்.

விராலின் வாயோ வேறு. வாய்ப்பிளவு கண்ணையும் கடந்து பின்செல்லும், பற்கள் கூரியவை. சிறுமீனை முழுதாக விழுங்குவதற்கே அவ்வாய் அமைந்தது. விரால் காற்றைச் சுவாசிக்க வல்லது. ஆதலின் குளம் வற்றினும் மடுவிலும் சேற்றிலும் உயிர் தாங்கிக் கிடக்கும்.

இதனை யான் கற்றது பிழை செய்தே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமக் குளத்தில் குஞ்சு விடும்போது யானும் உடனிருந்தேன். கோடையில் குளம் வற்றிவிட்டதென நம்பி, மதகடி மடுவைச் சோதியாது விட்டோம். அறுவடை நாளில் வலையிற் கொழுத்த விரால்களே புரண்டன; விட்ட கெண்டைகளைக் கைவிரலால் எண்ணிவிடலாம். குஞ்சு வாங்கப் பணம் சேர்த்த கமக்காரரின் முகங்களை இன்னும் மறந்தேனல்லேன். விரால் நல்ல விலைபோகும் மீன்தான். எனினும் குஞ்சு விடும் குளத்தில் அதற்கு இடமளிக்கலாகாது.

ஆகவே, கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. மாரிமழைக்கு முன், மடுக்களில் எஞ்சிய நீரை இறைத்து, விரால்களைப் பிடித்து அகற்றுக.

2. வாயமைப்பு வேறுபட்ட இனங்களைக் கலந்து விடுக.

3. மிகச் சிறிய குஞ்சுகளைத் தவிர்த்து, விரலளவு வளர்ந்தவற்றையே விடுக.

4. இனம் தெரியாத மீன் வலையிற்பட்டால் முதலில் அதன் வாயைத் திறந்து பார்க்க. அது உண்பது பாசியோ குஞ்சோ என்பதை அவ்வாயே சொல்லும்.