பாலை நிலம் காக்கப் பயிலும் இளைஞர்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களில் பெரிதும் பரந்துள்ள மொஹாவி பாலைவனத்தில், 1942 முதல் 1944 வரை நடந்த போர்ப் பயிற்சியின்போது டாங்கிகள் பதித்த தடங்களை இன்றும் காணலாம். மழை அரிதான நிலத்தில் மண் ஒருமுறை இறுகிவிட்டால், நீர் உள்ளிறங்குவதும் விதை வேர்பிடிப்பதும் தடைப்படுகின்றன. மனித ஆயுளுக்குள் தானாக ஆறாத இக்காயங்களை ஆற்றுவதற்குத் தேர்ந்த கைகள் தேவை. அவற்றை உருவாக்கும் பணியைத்தான் இளைஞர்களுக்கான களப்பயிற்சித் திட்டங்கள் செய்துவருகின்றன.

அத்தகைய திட்டங்களுள் குறிப்பிடத்தக்கது, சிகாகோ தாவரவியல் பூங்கா, அந்நாட்டின் நில மேலாண்மைத் துறை முதலியவற்றுடன் இணைந்து 2001இல் தொடங்கிய பயிற்சியாகும். பெரும்பாலும் அண்மையில் பட்டம் பெற்றவர்களே சேரும் இத்திட்டத்தில், ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஊதியத்துடன் களப்பணி வழங்கப்படுகிறது. ஊதியம் இல்லாத பயிற்சி வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டும் என்பதால், இக்கூறு மிக முக்கியமானது.

பயிற்சியாளர்கள் முதலில் கற்பது, எங்கே கால் வைக்கக் கூடாது என்பதைத்தான். வெறும் மணலாகத் தோன்றும் தரையின் மேற்பரப்பில் நீலப்பச்சைப் பாசிகள், லைக்கன்கள், மாஸ் வகைத் தாவரங்கள் ஆகியவை மண்துகள்களைப் பிணைத்து ஓர் உயிருள்ள மேலோட்டை உருவாக்கியிருக்கின்றன. இது காற்று மண்ணை அரித்துச் செல்லாமல் தடுப்பதோடு, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்தில் சேர்த்துத் தாவரங்களுக்கு உரமாகவும் உதவுகிறது. ஒரு காலடியில் நொறுங்கும் இம்மேலோடு மீண்டும் முழுமையாக உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

விதை சேகரிப்பிலும் இதே கட்டுப்பாடு உண்டு. ஒரு செடிக்கூட்டத்தில் கை வைப்பதற்கு முன், சில விதைகளைக் கத்தியால் பிளந்து, உள்ளே கரு நிறைந்திருக்கிறதா அல்லது பூச்சி அரித்த பதராக இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். நல்ல விதை என்று உறுதியானபின், மரபணு வேறுபாடு குன்றாமலிருக்கக் குறைந்தது 50 செடிகளிலிருந்து, அன்று முற்றியிருக்கும் விதைகளில் 20 விழுக்காட்டிற்கு மேற்படாமல் சேகரிக்கிறார்கள். எஞ்சியவை எறும்புக்கும் எலிக்கும் அடுத்த மழைக்கும் உரியவை. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்காதிருக்கத் துணிப்பையிலோ காகிதப்பையிலோ இடப்படும் விதைகள், பின்னர் தூய்மை செய்யப்பட்டு, விதை வங்கிகளில் உலர்ந்த குளிர்நிலையில் பாதுகாக்கப்படுகின்றன.

இவ்விதைகளின் தேவை ஆண்டுதோறும் பெருகிவருகிறது. அயல்நாட்டுப் புற்கள் பாலைச் செடிகளுக்கு இடையிலிருந்த வெற்றிடங்களை நிரப்பி, முன்பு பரவ வழியில்லாத தீக்கு வழி அமைத்துவிட்டன. 2020 ஆகஸ்டில் மொஹாவி தேசியக் காப்பகத்தில் ஏறத்தாழ 43,000 ஏக்கரை எரித்த தீயில், சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் மடிந்ததாக மதிப்பிடப்பட்டது. எரிந்த நிலத்தை மீட்க விதை தேவை; சட்டவிரோத வண்டித் தடங்களை மூடுவதற்கோ வேறொரு முறை கையாளப்படுகிறது. பட்டுப்போன புதர்க்கிளைகளைத் தடத்தின் மீது செங்குத்தாக நட்டால், தடம் கண்ணுக்குத் தெரியாமல் மறைவதோடு, காற்றில் வரும் விதைகளும் அவற்றினடியில் தங்கி முளைக்கின்றன.

அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக 1990இல் அறிவிக்கப்பட்ட மொஹாவி நில ஆமையோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து நெடுங்காலம் வறட்சியைத் தாங்கும் இவ்விலங்கை அன்பினால் தூக்கினாலும், அது அஞ்சி அந்நீரை வெளியேற்றிவிடக்கூடும்; கோடையில் அவ்விழப்பே அதன் உயிரைப் பறிக்கலாம். நிழல் தேடி வண்டிக்கடியில் ஒதுங்கும் பழக்கமும் அதற்கு உண்டு என்பதால், வண்டியைக் கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் குனிந்து அடியில் பார்ப்பது களப்பணியின் கட்டாய விதியாகும்.

பயிற்சியோ ஐந்து மாதம். பாலையின் மீட்சியோ பல தலைமுறை. எனவே ஒருவர் நட்டதையும் சேகரித்ததையும் இடம், நாள், நிழற்படம் ஆகியவற்றுடன் பதிவு செய்து அடுத்தவரிடம் ஒப்படைப்பதிலேயே இப்பணியின் வெற்றி அடங்கியுள்ளது. ஓராண்டு நிதி ஒதுக்கி மறு ஆண்டு நிறுத்தினால் இச்சங்கிலி அறுந்துபோகும். பாலை நிலங்களைக் காக்க விரும்பும் எந்த அரசும், இளைஞர்களுக்கான இப்பயிற்சியை இடைவிடாது நடத்துவதைத் தன் கடமையாக ஏற்க வேண்டும்.