பழைய ஹைபிரிட், புதிய சாலை
செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் கார் ஊருக்குள் பெட்ரோலை மிச்சப்படுத்தும். விரைவுச் சாலையில் அந்த மிச்சம் எங்கே போகிறது?

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இரண்டு சாலைகள். ஒன்று 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலை. ஊரைத் தொடாமல் பைபாஸில் விலகிப் போய்விடும். கணங்கூரில் டோல் கட்டிவிட்டால் 100 கி.மீ. வேகத்தில் போகலாம். மற்றது பழைய சாலை. காவிரியைக் கடந்து தீவுக்குள் நுழைந்து, கோட்டை வாசலில் எதிரே வரும் டூரிஸ்ட் பஸ்ஸுக்கு வழிவிட்டு, ரங்கநாதர் கோயில் பக்கம் ஆட்டோக்களின் பின்னால் ஊர்ந்து, தரியா தௌலத், கும்பஸ், சங்கமம் என்று நின்று நின்று போக வேண்டும். விரைவுச் சாலையில்தான் மைலேஜ் வரும் என்பார் எந்தக் கார்க்காரரும். ஹைபிரிட் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் இப்போது பழைய ஹைபிரிட்கள் கண்ணில் படுகின்றன. 2008ல் ஹோண்டா இறக்குமதி செய்து விற்ற சிவிக் ஹைபிரிட் இந்தியாவில் வந்த முதல் தலைமுறை. 2010ல் டொயோட்டா ப்ரியஸ் வந்தது. அதுவும் இறக்குமதி, விலையும் அதற்கேற்றபடி. சாலையில் ஓரளவுக்குப் பார்க்க முடிகிற பழைய ஹைபிரிட் என்றால் டொயோட்டா கேம்ரிதான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரும் அதே சாலையில் உள்ள பிடதி தொழிற்சாலையில் 2013 ஆகஸ்டிலிருந்து அதைச் சேர்த்துக் கட்டினார்கள். புதிதாக ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய்க்கு விற்ற கார் அது. இப்போது அதை வாங்க ஒரு புதிய நடுத்தரக் காரின் பணம்கூட வேண்டியதில்லை. தோல் சீட்டும் அமைதியும் அந்த விலைக்கு யாரையும் மயக்கும். கூடவே லிட்டருக்கு 19.16 கி.மீ. என்ற சான்றிதழ் மைலேஜ்.

அந்த எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு கணக்கைப் பார்ப்பது நல்லது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் தனித்தனியாக மைலேஜ் சொல்லும் வழக்கம் உடையது. இதே தலைமுறை கேம்ரியில், நம் அளவுக்கு மாற்றினால், சாதாரண 2.5 லிட்டர் பெட்ரோல் கார் நகரத்தில் லிட்டருக்கு 10.6 கி.மீ., நெடுஞ்சாலையில் 14.9. ஹைபிரிட் நகரத்தில் 18.3, நெடுஞ்சாலையில் 16.6. ஊருக்குள் கிடைக்கும் லாபம் எழுபது சதவீதத்துக்கும் மேல். நெடுஞ்சாலையில் வெறும் பதினொரு சதவீதம்.

காரணம் எளிது. சாதாரண காரில் பிரேக் போட்டால் காரின் வேகம் முழுவதும் சூடாகி வீணாகிறது. ஹைபிரிடில் அந்த நேரத்தில் மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் போடுகிறது. சிக்னலில் எஞ்சின் அணைந்துவிடுகிறது. கிளம்பும்போதும் ஊரும்போதும் சேமித்த மின்சாரம் தள்ளுகிறது. நிற்கவும் கிளம்பவும் வாய்ப்பே இல்லாத சாலையில் சேமிக்க என்ன இருக்கிறது? 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய முழு நேரமும் ஓடியாக வேண்டும். காற்றும் சும்மா இருப்பதில்லை. 80ல் போகும்போது எதிர்க்கும் காற்றைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் 100ல் எதிர்க்கும். மிஞ்சியிருக்கும் லாபம், சிக்கனத்துக்காகவே வடிவமைத்த அந்த எஞ்சினின் புண்ணியம்.

பணமாகப் பார்ப்போம். மாதம் 1,000 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஊருக்குள் ஓட்டினால் மாதம் சுமார் 4,000 ரூபாய் மிச்சம். முழுக்க விரைவுச் சாலை என்றால் 700 ரூபாய். பேட்டரி மாற்ற ஒரு பேச்சுக்கு 2 லட்சம் ஆகும் என்றால், முதல் ஆள் நாலேகால் வருடத்தில் அதை எடுத்துவிடுவார். இரண்டாம் ஆள் கிட்டத்தட்ட 24 வருடம் காத்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீடு, 15 கி.மீ. தள்ளி மைசூரில் வேலை, பழைய சாலையில் தினசரி போக்குவரத்து என்பவருக்கு இந்தக் கார் பொருந்தும். வாராவாரம் பெங்களூருக்கு விரைவுச் சாலையில் போய் வருபவர் சாதாரண கேம்ரியையே குறைந்த விலைக்குப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு: கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பும் சவாரிக்கும் ஹைபிரிட் லாயக்கில்லை. எஞ்சினையும் சைலன்சரில் உள்ள புகை சுத்திகரிப்பானையும் சூடாக்குவதற்கே பெட்ரோல் போய்விடும்.

ஆக, வாங்குபவரின் தலையெழுத்து பேட்டரியில் இருக்கிறது. கேம்ரியில் அது பின் இருக்கைக்குப் பின்னால், டிக்கியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. 34 கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஆறு செல், மொத்தம் சுமார் 245 வோல்ட். எல்லாம் ஒரே நாளில் சாவதில்லை. சூடு அதிகம் தேங்கும் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு முதலில் தளரும். அதன் சுமை மற்றவற்றின் தலையில் விழும். டேஷ்போர்டில் பேட்டரி அளவு சட்டென்று ஏறி சட்டென்று இறங்குவது, நின்ற இடத்தில் எஞ்சின் அடிக்கடி தானாகக் கிளம்புவது, பின்னாலிருந்து விசிறிச் சத்தம் உரக்கக் கேட்பது ஆகியவை அதன் அடையாளங்கள். கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஸ்கேனர் போட்டால் பி-0-ஏ-80 என்று குறியீடு வரும்: பேட்டரியை மாற்று என்று அர்த்தம்.

விளக்கு எரியவில்லை என்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம். விற்பவர் அதை அழித்துவிட்டும் கொடுக்கலாம். ஹைபிரிட் தெரிந்த பட்டறையில் ஸ்கேனரை மாட்டி, காரை ஓட்டியபடியே கட்டைகளின் வோல்ட்டைப் படிக்கச் சொல்லுங்கள். கேம்ரியில் அவை ஜோடி ஜோடியாக, 17 எண்களாகத் தெரியும். அழுத்தி ஓட்டும்போது பதினாறு ஜோடி ஒன்றாக இறங்கி, ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுந்தால் விலை பேசும் அதிகாரம் உங்களுடையது. வேண்டாம் என்று எழுந்து வரும் உரிமையும்தான்.

பழுதான கட்டையை மட்டும் மாற்றித் தரும் வித்தை இலங்கையில் நன்றாகவே பழகியது. ஜப்பானில் ஓடிய ப்ரியஸ், அக்வா கார்களை ஏராளமாக இறக்குமதி செய்த நாடு அது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இருக்கிற காரையே உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2022ல் காருக்கு வாரம் 20 லிட்டர் என்று ரேஷன் வந்தபோது ஹைபிரிட் வைத்திருந்தவர்களின் மதிப்பு உயர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கட்டை மாற்றும் வைத்தியத்துக்கு ஒரு குறை உண்டு. பழைய 33க்கு நடுவே ஒரு புதிய கட்டை ஒத்துப்போகாது; சில மாதங்களில் அடுத்தது விழும். வலிமை அளந்து, ஒரே தரத்தில் உள்ளவற்றை ஜோடி சேர்ப்பவரிடம் கொடுத்தால் பிழைக்கலாம். காரை விற்கும் நோக்கத்தோடு செய்த ரிப்பேர் என்றால் நம்பாமல் இருப்பதே மேல்.

பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் சூடு. அதைக் குளிர்விக்க விசிறி இழுக்கும் காற்று, காருக்குள் இருக்கும் ஏ.சி. காற்றுதான். பின் இருக்கைப் பகுதியில் அதற்கென்று ஒரு துவாரம் இருக்கிறது. அது எங்கே என்று கேட்டால் பாதி உரிமையாளர்களுக்குத் தெரியாது. அதன் மேல் சால்வையைப் போடுவார்கள், பையைச் சாய்ப்பார்கள், குஷன் வைத்து மறைப்பார்கள். உள்ளே தூசியும் நாய் முடியும் சேர்ந்து வலையை அடைத்திருக்கும். சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். பல லட்ச ரூபாய்ச் செலவைத் தள்ளிப்போடும் வேலை இதைவிட மலிவாக வேறில்லை.

பெரிய பேட்டரி போய்விட்டதோ என்று பதறும் பலருக்குப் போயிருப்பது சின்னது. கம்ப்யூட்டர்களை எழுப்புவதற்கு டிக்கியில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கிவிட்டால் ‘ரெடி’ விளக்கே வராது, கார் அசையாது. காரை மூன்று வாரம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கு நேர்வது இதுதான். மாற்றும்போது அதே வகை பேட்டரியாக இருக்க வேண்டும். காருக்குள் இருப்பதால் ஆவி கக்கும் சாதாரண பேட்டரி ஆகாது.

டோல்கேட்டிலும் டிராஃபிக்கிலும் நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். நியூட்ரலில் இந்தக் கார்களின் பேட்டரி சார்ஜ் ஆகாது; ஏ.சி. மட்டும் அதைத் தின்றுகொண்டிருக்கும். பிரேக்கை மிதித்து ‘டி’யிலேயே நில்லுங்கள், நெடுநேரம் என்றால் ‘பி’யில் போடுங்கள். மலை இறக்கத்தில் வேறு கதை. சாமுண்டி மலை போன்ற சின்ன இறக்கத்திலேயே பேட்டரி நிரம்பிவிடக்கூடும். ஊட்டியிலிருந்து இறங்குபவருக்குக் கேட்கவே வேண்டாம். நிரம்பிய பேட்டரி மின்சாரத்தை வாங்காது, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். கியர் லீவரில் எஞ்சின் பிரேக்குக்கான நிலை இருந்தால் அதற்கான இடம் இதுதான்.

மற்றபடி செலவு குறைவு என்பது ஆச்சரியம். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, எஞ்சின் முன்னால் ஓடும் பெல்ட்டும் கிடையாது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேடுகள் தேயச் சோம்பல்படும். அதுவே தொல்லையும் ஆகும்: அதிகம் உபயோகிக்காத பிரேக்கில் மழைக்காலத் துரு பிடித்து, நகரும் பின்கள் இறுகிவிடும். பேட் தேயவில்லை என்றாலும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். எஞ்சினுக்கு ஒரு கூலன்ட் டப்பா, மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு இன்னொன்று. இரண்டாவதை மறந்துவிடும் மெக்கானிக்குகள் அதிகம். ஏ.சி. ரிப்பேரில் இன்னும் கவனம் தேவை. கம்ப்ரெசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் அதற்கென்றே தனி எண்ணெய். சாதாரண காருக்கு ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்கசிவு ஏற்பட்டு கம்ப்ரெசரே போய்விடலாம். ஆரஞ்சு நிற ஒயர்களில் யாரும், கைதேர்ந்த எலெக்ட்ரீஷியன் உள்பட, வெறுங்கையோடு விளையாடக் கூடாது.

பெட்ரோலே மாறிவிட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி, மண்டியா வரைக்கும், கரும்பு. 1933லிருந்து சர்க்கரை ஆலை கண்ட மாவட்டம். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எத்தனாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் 2025லிருந்து நாடெங்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு ஆறேழு சதவீதச் சக்தி போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் ஹைபிரிட் தரும் பதினொரு சதவீதத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 2013ல் கட்டிய கார் இந்தக் கலப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதும் அல்ல. எரிபொருள் குழாய், ரப்பர் சீல்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்வது நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய காரை மட்டும் எந்த விலைக்கும் தொடாதீர்கள். 2015லும் 2023லும் சென்னையில், 2022ல் பெங்களூரில் நின்ற தண்ணீர் எத்தனையோ கார்களின் டிக்கிவரை ஏறியது. ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வண்டல் இருக்கும், சீட் போல்ட்டுகளில் துரு இருக்கும்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்கு. அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி எஃப்.சி. வாங்கி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு இதன் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2008ன் சிவிக் ஹைபிரிட்கள் அந்தக் கெடுவை 2023லேயே தாண்டிவிட்டன, 2010ன் ப்ரியஸ்கள் 2025ல். பிடதியில் முதலில் இறங்கிய கேம்ரிகளுக்கு அது 2028ல் வருகிறது.